பவுனுக்காக அரைக்கப் போன மிளகாய்

அவள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.

இடது முன்னங்காலைத் தூக்குவாள், வைப்பாள். வலதைத் தூக்குவாள், வைப்பாள். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் தார் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. ஆனால் லாயத்தின் தரை, விடிகாலைப் பனி இறங்கிக் குளிர்ந்து கிடந்த மண்.

பவுனு. செந்நிறப் பெண்குதிரை. வெயில் பட்டால் நகைக்கடைத் தங்கம், மழையில் நனைந்தால் அடகுக்குப் போய்த் திரும்பிய தங்கம். நெற்றியில் கட்டைவிரலால் விபூதி இட்டது மாதிரி ஒரு வெள்ளை.

நான் மண்டியிட்டு அவள் கால்கட்டை அவிழ்த்தேன். கட்டை தாண்டும் குதிரைகளுக்குப் பயிற்சி முடிந்ததும் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றி வைப்போம், வீக்கம் வராமலிருக்க. கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. மெல்ல இழுத்தேன். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கனைப்பு இல்லை. ஊசி போடும்போது பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

முடிக்குள் தோல் சிவந்து, சிறு சிறு கொப்புளங்கள். என்ன பூச்சி கடித்தது என்று யோசித்தபடி, வழிந்த வியர்வையை விரலால் துடைத்தேன். விரல் கண்ணில் பட்டது.

தொட்டிக்கு ஓடினேன். தண்ணீரை வாரி வாரி அடித்தேன். இன்னும் எரிந்தது. ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்த்து நின்றபோதுதான் மூக்குக்கு அந்த மணம் எட்டியது. எங்கள் வீட்டு அடுப்படியின் மணம். வற்றலை எண்ணெயில் போட்டதும் வீடே இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடுமே, அது.

யாரோ என் குதிரையின் காலில் மிளகாய் பூசியிருந்தார்கள்.

என் குதிரை என்றா சொன்னேன்?

அவள் என் குதிரை இல்லை. கேசவண்ணனின் குதிரை.

கேசவண்ணன் நூல்மில் குடும்பம். சூலூரைத் தாண்டி அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. நடுவில் மரங்களை எடுத்துவிட்டு, மணல் கொட்டி, குதிரையேற்றப் பள்ளி என்று போர்டு மாட்டிவிட்டார். பக்கத்தில் விமானப்படைத் தளம். தலைக்கு மேல் விமானம் கிழித்துக்கொண்டு போகும். பவுனு காதைக்கூட அசைக்க மாட்டாள். ஆனால் யாராவது குடை விரித்தால் போதும், தோப்பின் அந்தக் கோடியில் போய்த்தான் நிற்பாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது. போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, சேணத்திலிருந்து விழுந்த கதையைப் படித்துவிட்டு, ‘அந்தக் காலத்துச் சூலூரில் குதிரை ஏறும் பெண்ணா, கதை விடாதீர்கள்’ என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அந்த வாசகிக்குச் சொல்கிறேன், என்னை நம்பாதவர்கள் அப்போதும் இருந்தார்கள். கண்டக்டர் ஒருவர் தினமும் கேட்பார்: “ஏனுங்க அம்மணி, குதிரைய ஊட்டுல உட்டுப்போட்டு எங்க பஸ்ஸுல வாரீங்க?” நான் தினமும் சொல்வேன்: “அதுக்கு இன்னைக்கு லீவுங்க.”

பவுனு பந்தயத்தில் தோற்று வந்தவள். ஓடத் தெரியும், ஜெயிக்கத் தெரியாது. குதிரைப் பந்தயக்காரர்கள் கழித்துவிட்டதைக் கேசவண்ணன் வாங்கி வந்தார். தாண்டக் கற்றுக்கொடுத்தவர் ஆறுமுகம் மாஸ்டர். அன்னூர்ப் பக்கத்துக்காரர். இளவயதில் ஊட்டியில் பந்தயக்குதிரை ஓட்டும் ஜாக்கியாக இருந்து, எடை கூடிப்போய், இறங்கி வந்தவர். தன் காப்பிக்கு வைத்திருக்கும் வெல்லத்தில் பாதியைப் பவுனுக்குக் கடித்துக் கொடுப்பார். “எங்க ரண்டு பேரையும் ஒரே வேலையிலிருந்துதான் தள்ளுனாங்க அம்மணி” என்பார்.

அவள் தாண்டும்போது ஏறி உட்கார்ந்திருப்பதை எப்படிச் சொல்வது? மண் நம்மை மறந்துவிடும் ஒரு நொடி. தென்னை மட்டைகள் ஒரு முழம் கீழே இறங்கும். பிறகு மண்ணுக்கு ஞாபகம் வந்துவிடும், டப்பென்று.

கட்டை விழும் சத்தம்

தாண்டவேண்டிய கட்டை இரண்டு கம்பங்களுக்கிடையில் சும்மா வைக்கப்பட்டிருக்கும். குதிரையின் கால் பட்டால் விழும். விழுந்தால் புள்ளி போகும். பவுனு உயரம் போவாள். ஆனால் முன்னங்காலை மடக்குவதில் அவளுக்கு ஒரு சோம்பல். லேசாக உரசுவாள். ‘ணங்.’ கேசவண்ணன் முகம் சுளிப்பார்.

அந்த வருடம் பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் குதிரைகள் எங்கள் தோப்புக்கே போட்டிக்கு வருவதாக ஏற்பாடு. கேசவண்ணன் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

“அவிய முன்னால இவ கட்டையத் தட்டுனான்னு வைங்க, ஆடியில அந்தியூர் சந்தைக்கு ஏத்திப்போடுவேன். ஆமாங்க, சொல்லிப்போட்டேன்.”

அந்தியூர்க் குதிரைச் சந்தையில் அவள் வயதுக் குதிரையை யார் வாங்குவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கல்யாண ஊர்வல வண்டிக்காரர்கள். பேண்டு, டியூப்லைட்டு, காலடியில் வெடிச்சரம். குடைக்கே ஓடுகிறவள்.

கால் தோல் எரிந்துகொண்டிருக்கிற குதிரை, கட்டையைத் தொடப் பயந்து காலை உயரத் தூக்கும். மிளகாயின் கணக்கு அதுதான்.

ஆணியும் பூட்ஸும்

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமா ரேக்ளாக்காரர், மாட்டுவண்டிப் பந்தயம் ஓட்டுகிறவர். அன்னூரில் அவர் வண்டி ஓடுகிறதென்றால் பள்ளிக்கூடம் பாதி காலி. நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சி அவர் இடுப்பில் இருக்கும். கடைசி வளைவில் அதை எடுப்பார். சில நேரம் குனிந்து மாட்டின் வாலையே கடித்துவிடுவார். பந்தயம் முடிந்ததும் அதே மாட்டுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசி, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார். இரண்டும் உண்மை. சின்ன வயதில் எனக்கு இரண்டாவது மட்டும்தான் கண்ணில் பட்டது.

கேசவண்ணன் ரேக்ளா என்று கேட்டாலே காதைப் பொத்துவார். “அதெல்லாம் காட்டுத்தனமுங்க. நம்மளுது ஸ்போர்ட்டு.” எங்கள் பூட்ஸின் குதிகாலிலும் ஓர் இரும்பு முளை இருந்தது. குதிரையின் விலாவில் அழுத்துவதற்கு. அது வெளிநாட்டில் செய்தது, பளபளவென்றிருக்கும். அதனால் அது ஸ்போர்ட்டு.

மிளகாய் எரிந்த அந்தக் காலையில் நான் நேராகக் கேசவண்ணனிடம்தான் போனேன். ஒரு கண் மூடியிருந்தது.

“என்னையவா கேக்கற கண்ணு? நான் அவளுக்குக் கேரட்டு வாங்கறேன். மொளகா எங்க ஊட்டுக்காரிதான் வாங்குவா.”

லாயத்தில் இருந்தவர்களும் தெரியாது என்றார்கள். மாஸ்டர் தொட்டியருகே, எனக்கு முதுகைக் காட்டி, வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளிச்சென்றிருந்த வாளி.

“பின்ன, சக்கரையா?”

“என்ன புள்ள, கண்ணு கோவப்பழமாட்ட இருக்குது?” என்றாள் அம்மா, நான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

சொன்னேன். அம்மாவுக்குக் குதிரை என்றால் பயம். நான் குதிரைக்குப் போவதே பிடிக்காது. தோப்புக்கு வந்தால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு சாப்பாட்டுத் தூக்குப்போசியை நீட்டுவாள். அன்று தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பினாள்.

“மொளகாய்க்குத் தண்ணி ஊத்துனா அடங்குமா? எண்ணெய வெச்சுத் தொடைக்கோணும்.”

வேலியைத் தாண்டினாள். லாயத்துக்குள் வந்தாள். பவுனின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வெள்ளைத் துணியில் எண்ணெயை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். “ஒதைச்சுப்போடாத சாமி, ஒதைச்சுப்போடாத” என்று சொல்லிக்கொண்டே. பவுனு தலையைத் தாழ்த்தி அம்மாவின் கொண்டையை முகர்ந்தாள். கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தைத் தின்றாள். அம்மா அசையவில்லை.

எழுந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“யாரு பண்ணுனதுன்னு நமக்குத் தெரியாட்டிப் போவுது. ஆத்தாளுக்குத் தெரியும். ஆனமலைக்குப் போயி அரைச்சுப்போட்டு வந்தர்லாம்.”

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். தெரியாதவர்களுக்கு: ஆனைமலை மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருப்பவள். களவு கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் அங்கே போய் வற்றல் மிளகாயை அம்மியில் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்பு செய்தவனுக்கு உடம்பெரியும், தேடி வந்து காலில் விழுவான் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பப் போய், எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர வைக்கவேண்டும்.

நான் கல்லூரியில் படிப்பவள் என்ற திமிரோடு கேட்டேன். “மிளகாய்க்கு மிளகாயா?”

“பின்ன, சக்கரையா?”

வாளியைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டர் வந்தார். “நானும் வாரனுங்க அம்மா. பொம்பளைங்க ரண்டு பேரு தனியா எதுக்குங்க.”

“நாங்க ரண்டு பேரும் தனியாத்தான் இத்தனை காலமாப் போறம், வாரம். செரி வாங்க, பையத் தூக்க ஆளாச்சு.”

மடியில் மிளகாய்

மறுநாள் பல்லடம் போய், பொள்ளாச்சி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆனைமலை. மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மிளகாய்ப் பை அவர் மடியில். வழியெல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கைக்குழந்தையைப் பிடிப்பது போல. நெற்றி, கழுத்து எங்கும் வியர்வை.

“ஏனுங்க மாஸ்டர்,” என்றாள் அம்மா, “இந்த வேக்காட்டுல முழுக்கைச் சட்டையப் பொத்தான் போட்டு மாட்டியிருக்கறீங்க. பொண்ணுப் பாக்கவா போறம்?”

“சளிங்க.”

“கைக்கா சளி?”

முன் சீட்டுக்காரர் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பொள்ளாச்சி தாண்டியதும் காற்றில் ஈரம் வரும். தென்னைகளுக்குப் பின்னால் மலை, யாரோ நீல மையைக் கவிழ்த்துவிட்டுத் துடைக்க மறந்தது மாதிரி. எனக்கு அந்தச் சாலை எப்போதும் பிடிக்கும். அன்று அதைப் பார்த்தேனா என்பது நினைவில்லை. ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். லாயத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் மேலும் அந்த மிளகாயை வைத்துப் பார்த்தேன். யாருக்கும் பொருந்தவில்லை. மடியில் வைத்திருந்தவரை மட்டும் பார்க்கவில்லை.

கோயிலில் அம்மிகளின் முன்னால் வரிசை. காற்றே காரமாக இருந்தது. எல்லோரும் இருமினார்கள், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். யார் அழுகிறார்கள், யாருக்கு நெடி என்று பிரிக்க முடியாது. அழுகிறவர்களுக்கு அது ஒரு பெரிய மரியாதையாக எனக்குப் பட்டது.

எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பினார். “கெணத்து மோட்டாரக் கழட்டிட்டுப் போயிட்டானுங்க அம்மணி, பாவிக. உங்களுக்கு என்ன களவு போச்சு?”

“களவு இல்லீங்க. குதிரை காலுல மொளகா பூசிப்போட்டாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அங்கயுமா மொளகா?”

என் முறை வந்தது. மாஸ்டர் பையைப் பிரித்து ஒரு கை மிளகாயை அம்மியில் வைத்தார். குண்டு மிளகாய், விதை குலுங்கும் சத்தம். நான் குழவியைப் பிடித்தேன். கொப்புளங்களை நினைத்தேன். நின்ற இடத்திலேயே நடந்த அந்தக் கால்களை நினைத்தேன். வயிறு எரிந்தது. முதல் தள்ளுக்குக் குனிந்தேன்.

குழவியின் மேல் இன்னொரு கை விழுந்தது.

“அரைக்காதீங்க அம்மணி.”

கையை நீட்டிய வேகத்தில் சட்டைக்கையின் பொத்தான் தெறித்திருந்தது. முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, சிவந்த பட்டை. அதே சிறு கொப்புளங்கள்.

“நானுங்க” என்றார் மாஸ்டர்.

ஒரு தூணின் நிழலில்

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“பெங்களூருக்காரன் ஒருத்தன் முன்னாடி எப்பவோ சொன்னானுங்க. அவிய ஏதோ மருந்து தடவுவாங்களாமா. நம்மகிட்ட மருந்து ஏதுங்க? மொளகாய எண்ணெயில காய்ச்சுனேன். மொதல்ல என் கையிலதான் பூசிப் பாத்தனுங்க. தாங்கற மாதிரித்தான் இருந்துச்சு. அதையத் தடவித் துணியச் சுத்தினா உள்ள வேகும்னு எனக்குத் தோணலீங்க. கட்டையத் தட்டுனா வித்துப்போடுவாருங்க அம்மணி. அந்த வெடிச்சத்தத்துல அவ நிப்பாளுங்களா? ரண்டு நாளு எரிஞ்சா, காலமெல்லாம் இங்கயே இருப்பான்னு நெனச்சுப்போட்டேன்.”

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது. ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நான் எதற்காக எரிந்தேனோ, அதற்காகவே அவர் எரித்திருந்தார். மாமாவின் தார்க்குச்சி ஞாபகம் வந்தது, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் அழுததும். ஒரு பிராணியை நேசிப்பவன் கையில்தான் அது முழுசாக அகப்பட்டுக்கொள்கிறது. கண்ணை மூடிக் காலை நீட்டுகிறது. பூசினால் பூசட்டும் என்று நிற்கிறது.

மாஸ்டர் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எங்களை எதுக்குங்க கும்புடறீங்க?” என்றாள் அம்மா. “எரிஞ்சது எங்களுக்கா?”

பிறகு பையை எடுத்துக்கொண்டு போய், மோட்டார் பெண்மணியிடம் கொடுத்தாள். “இந்தாங்க, இதையும் உங்க மோட்டாருக்கே சேர்த்து அரைச்சுக்குங்க.”

தூக்குவாளுங்க

அன்று சாயங்காலமே மாஸ்டர் கேசவண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் உடன் நின்றேன். போட்டியில் பவுனு தாண்டமாட்டாள் என்றேன்.

கேசவண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை. பவுனுக்கு ஜுரம் வந்தபோது மில்லுக்குப் போகாமல் லாயத்தில் படுத்தவர். ஆனாலும் கேட்டார்.

“புண்ணு ஆறிரும்ல?”

“ஆறிருமுங்க.”

“இப்ப... காலு நல்லாத் தூக்குவாளா?”

தோப்பில் ஓர் ஓலை முறிந்து விழுந்தது. நாங்கள் மூன்று பேருமே திரும்பிப் பார்த்தோம்.

“தூக்குவாளுங்க” என்றார் மாஸ்டர். “அதனாலதான் கூடாதுங்க.”

கேசவண்ணன் தலையாட்டினார். ஆனால் தட்டினாலும் தாண்டாவிட்டாலும் அவருக்குக் கணக்கு ஒன்றுதான், சந்தைக்கு ஏற்றுவேன் என்ற சொல்லை மாற்றவில்லை. போட்டி நடந்தது, வெளியூர்க் குதிரைகள் தாண்டின, ‘ணங்’ கேட்டபோதெல்லாம் பவுனு லாயத்திலிருந்து காதை நிமிர்த்தினாள், அது தன் பெயர் என்பது போல. அவள் தாண்டவில்லை, தட்டவும் இல்லை. ஆடி பிறந்ததும் அந்தியூருக்கு லாரி பேசினார்கள்.

லாரி வருவதற்கு முதல்நாள் அம்மா தோப்புக்கு வந்தாள். வேலிக்கு வெளியே நிற்கவில்லை.

“கேசவண்ணா, எங்க ஊட்டு மாட்டுச்சாளை காலியாத்தான் கெடக்குது. இவள நடத்தியே கூட்டிட்டுப் போயிருவோம். உங்களுக்கு லாரி வாடகை மிச்சம்.”

“குதிரைக்குப் பயப்படுவீங்களே அக்கா?”

“இப்பவும் பயந்தானுங்க. அதுக்கென்ன?”

விலையை அம்மாதான் பேசினாள். என்னவென்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு யாருக்கும் புதுத்துணி இல்லை என்பது மட்டும் தெரியும்.

மாட்டுச்சாளையில் ஞாயிற்றுக்கிழமைகள்

மாஸ்டர் ஞாயிறுதோறும் எங்கள் மாட்டுத்தொழுவத்துக்கு வந்தார். கையில் எண்ணெய்ப் புட்டி, சட்டைப்பையில் வெல்லம்.

புண் எப்போதோ ஆறிவிட்டது. அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. பவுனு அவர் கையிலிருந்து வெல்லத்தை வாங்கிக்கொள்வாள். கழுத்தைத் தடவ விடுவாள். அவர் குனிந்தால் மட்டும் கால் பின்னால் போய்விடும். நான் தொட்டால் கொடுப்பாள், அம்மா தொட்டால் கொடுப்பாள். அவருக்கு இல்லை.

அவர் வற்புறுத்தவில்லை. அவள் கட்டியிருந்த இடத்துக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்து, ஊட்டிக் கதைகள் சொல்லிக்கொண்டிருப்பார், எங்களிடம் சொல்வதாகப் பாவனை செய்துகொண்டு அவளிடம்.

“பொண்ணுக்கு இன்னும் கோவம் தீரலீங்க மாஸ்டர்,” என்பாள் அம்மா. “காப்பியக் குடிச்சுப்போட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்.”

கார்த்திகை போனது. மார்கழி போனது. தை வந்து, எங்கள் தட்டைப்பயிறு காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் உள்ளே எதையோ வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே மாஸ்டரின் கதை நடுவில் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். அவர் குனிந்திருந்தார். ஒரு கை அவள் முன்னங்காலில், வெள்ளை முடியின் மேல். அவள் காலை எடுக்கவில்லை. புல்லை மென்றுகொண்டு வேறெங்கோ பார்த்தாள். மாஸ்டர் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கியிருந்தால் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்திருப்போம்.

மறுநாளே ஆனைமலைக்குப் போனோம், மூன்று பேரும். இந்த முறை அவர் மடியில் எண்ணெய்ப் புட்டி.

பூசாரி புட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எப்ப வந்து அரைச்சீங்க?”

“அரைக்கலீங்க சாமி” என்றேன்.

“அரைக்காமயே எதுக்குங்க எண்ணெய்?”

அம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அன்று அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். முன்கையில் அந்தப் பட்டை மங்கி, ஆனால் போகாமல் இருந்தது.

“எரிஞ்சதுங்க” என்றார் மாஸ்டர்.

பூசாரி அந்தப் பட்டையைப் பார்த்தார். கையை நீட்டிப் புட்டியை வாங்கிக்கொண்டார்.